விற்பது விதை, நடுவது கிழங்கு

மளிகைக் கடையில் நாம் நிறுத்துக் கொடுக்கும் சரக்கில் பாதிக்கு மேல் விதைதான். உளுந்து, பச்சைப்பயறு, கொள்ளு, கடுகு, வெந்தயம், கொத்தமல்லி, எள், நிலக்கடலை எல்லாமே ஒரு செடி தன் சந்ததிக்காக எடுத்து வைத்த முதல். நாம் அதைச் சரக்காகப் பார்க்கிறோம். ஈரம், கழிவு, வண்டு, எடை, விலை, இவ்வளவுதான் நம் கணக்கு. அது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் வருவதில்லை. அந்தத் தேவை வந்துவிட்ட ஒரு சரக்கைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். அது கண்வலி விதை.

செங்காந்தளைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். நம் மாநில மலர். கார்த்திகை வாக்கில் வேலி ஓரத்தில் தீக்கொழுந்து போலப் பூப்பதால் கார்த்திகைப் பூ என்பார்கள். கிழங்கு ஏர்க் கலப்பை போல வளைந்து இரண்டு கிளையாக இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் உண்டு. மருந்துச் சரக்குக் கடையில் அதுவே கண்வலிக் கிழங்கு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசையாகச் சொல்லும் பூக்களில் முதலாவதாக வருவது காந்தள். பூவின் பெருமை அப்படி இருக்க, வியாபாரம் என்னவோ விதையில்தான் நடக்கிறது.

காரணம், விதையில் உள்ள கால்சிசின் என்ற சத்து. சத்து என்று சொன்னாலும் அது விஷம். அளவோடு கொடுத்தால் மருந்து. 1820-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு மருந்தாளர்கள் பெல்லத்தியே, கவந்து ஆகிய இருவரும் இதைத் தங்கள் பக்கத்துச் செடி ஒன்றிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். பிறகு நம் செங்காந்தள் விதையிலும் இது நன்றாகக் கிடைக்கிறது என்று தெரிந்தது. கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கும் கவுட் நோய்க்கு இது பழைய மருந்து. தசைப் பிடிப்புக்கு எழுதிக் கொடுக்கும் தயோகால்சிகோசைடு மாத்திரையும் இதிலிருந்தே வருகிறது. 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இதய நோயாளிகளுக்குக் குறைந்த அளவில் கொடுக்கும் கால்சிசின் மாத்திரை ஒன்றுக்கும் அனுமதி கொடுத்தது. ஆகவே விலை ஏறி இறங்கும், தரகர் படுத்துகிறபாடு இருக்கும், ஆனால் சரக்குக்குக் கிராக்கி அற்றுப் போகாது என்பது நம் அனுமானம்.

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பி கட்டி, முள் நட்டு, கொடி ஏற்றி இதைப் பயிர் செய்கிறார்கள். ஜெயங்கொண்டம், வேதாரண்யம் பக்கமும் உண்டு. ஆனி, ஆடியில் நட்டால் தை, மாசியில் காய் பறிக்கலாம். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பையை விட்டு விலகி நிற்கும் அமைப்பு. ஆகவே காலையில் பெண்கள் கொடி கொடியாகப் போய்க் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டு எடுக்கும் விதை கிலோ ஆயிரக்கணக்கில் விலை போகிறது. நாம் அதை மூட்டை கட்டி அனுப்புகிறோம்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். விதைக்காகவே பயிர் செய்யும் இந்தச் செடியை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை! நெல்லுக்கு விதை நெல் உண்டு, கடலைக்கு விதைக் கடலை உண்டு. கண்வலிக்கு மட்டும் நடுவது கிழங்கு. விவசாயிக்கு முதலிலேயே கை கடிப்பதும் அந்தக் கிழங்கு வாங்கும் செலவுதான். "விதை போட்டால் வராதா?" என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே பதில் சொல்வார்கள்: "கண்வலி விதை முளைக்காது."

முளைக்காதா? அதுதான் கேள்வி.

வேகாத பயறும் முளைக்காத விதையும்

நம் கடைகளுக்கு வரும் பழைய புகார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். "உங்க கடையில வாங்கின பச்சைப்பயறு ஊறவே இல்லை, பத்துப் பயறு கல்லு மாதிரி கிடக்கு" என்று சொல்லி வருவார்கள். கொள்ளிலும் இது உண்டு. ராத்திரி முழுவதும் தண்ணீரில் கிடந்தும் அந்தச் சில மணிகள் மட்டும் உப்பாமல் அப்படியே இருக்கும். வாங்கியவர் பழைய சரக்கு என்று நினைப்பார். கடைக்காரர் மண்டியைக் குறை சொல்வார். உண்மை வேறு. அந்த மணிகளின் தோல் தண்ணீர் புகாதபடி இறுகிப் போயிருக்கிறது. உள்ளே பருப்பு நன்றாகவே இருக்கும். ஓர் ஊசியால் தோலைக் கீறிப் போட்டால் மறுநாள் காலையில் மற்றப் பயறு போலவே முளை விட்டிருக்கும்.

இதைத்தான் விதை உறக்கம் என்கிறார்கள். உயிர் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, காற்று இருக்கிறது, ஆனாலும் முளைக்காது. ஒரே மழைக்கு எல்லா விதையும் முளைத்துவிட்டு, அடுத்து வறட்சி வந்தால் அந்தச் செடியின் வம்சமே போய்விடும். ஆகவே எல்லா முதலையும் ஒரே நாளில் சந்தைக்குக் கொண்டுவராத சாமர்த்தியமான வியாபாரி போல, செடி தன் விதையில் ஒரு பகுதியைப் பூட்டி வைக்கிறது.

பயிருக்குப் பயிர் இது மாறும். கொத்து நிலக்கடலைக்கு உறக்கம் கிடையாது. அறுவடை சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்து, வந்த சரக்கெல்லாம் முளைக்கடலையாக வந்து நம் உயிரை வாங்கும். கொடிக்கடலைக்கு உறக்கம் உண்டு, அது பொறுக்கும். கிடங்கில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் முளை விடத் தொடங்குவது அவற்றின் உறக்கம் கலைந்ததற்கு அடையாளம். தூக்கம் கலைந்தால் நமக்கு நஷ்டம் என்பதால் அது நம் கண்ணில் படுகிறது. தூக்கம் கலையாததால் வரும் நஷ்டம் கண்ணில் படுவதில்லை.

உறக்கத்திலும் பல வகை. தோல் இறுகியது ஒரு வகை. தோலும் சதையும் முளைப்பைத் தடுக்கும் சரக்கை வைத்திருப்பது இன்னொரு வகை. விதை பழுத்து விழும்போதும் உள்ளே இருக்கும் கரு முழுதாக வளராமல், சிறு புள்ளியாக இருப்பது மூன்றாவது. பனிக்குளிர் பட்டால்தான் எழுந்திருக்கும் என்பது நான்காவது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் சடாமாஞ்சில், கடுகுரோகிணி, அதிவிடயம் எல்லாம் இமயமலைச் சரக்கு. அங்கே பனியில் கிடந்து எழும் செடிகளின் விதைக்கு, ஈர மணலில் கலந்து குளிர்பெட்டியில் சில வாரம் வைப்பது போன்ற உபசாரம் செய்கிறார்கள். இவற்றின் கிழங்கையும் வேரையும் விதை விழும் முன்பே தோண்டித் தோண்டி, சடாமாஞ்சிலும் கடுகுரோகிணியும் 1997 முதல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறிவிட்டன. கோஷ்டம் அதற்கும் முன்பே, 1985-ல், மிகக் கடுமையான பிரிவுக்குப் போய்விட்டது. நாற்பது ஆண்டாக மருந்துச் சரக்கு மொத்த வியாபாரத்தில் இருக்கும் நாம் இதைச் சொல்லக் காரணம், ஒரு சரக்கு பட்டியலில் ஏறிய பிறகு அதை நியாயமாக விற்பவன் படும்பாடு நமக்குத் தெரியும்.

கண்வலி அந்த நிலைக்கு வரவில்லை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவின் பல பகுதிகளிலும் இந்தச் செடி இருப்பதால் உலகக் கணக்கில் இது அழியும் செடியும் அல்ல. ஆனால் உலகக் கணக்கை வைத்துக்கொண்டு நாம் கடை நடத்த முடியாது. நம் பக்கத்து வேலிகளிலும் கரட்டுக் காடுகளிலும் கடற்கரைப் புதர்களிலும் தானாகக் கிடந்தது அருகிக்கொண்டே வருகிறது. தோட்டம் போடக் கிழங்கு வேண்டும், கிழங்கு காட்டில் சும்மா கிடைக்கிறது, ஆகவே தோண்டு. இதுதான் நடந்தது.

கிழங்கின் கணக்கை ஒரு வியாபாரியாகப் போட்டுப் பாருங்கள். ஒரு கிழங்குக்கு இரண்டு கிளை. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். நுனி உடைந்தால் அந்தக் கிளை வெறும் மாவு. பழைய கிழங்கு ஒரு பருவத்தில் சுருங்கிப் போக, அதன் இடத்தில் புதிய கிழங்கு வரும். ஆக, எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் ஒன்று இரண்டாகும், அவ்வளவுதான். அழுகல் நோய் வந்தால் அதுவும் இல்லை. நோயும் கிழங்கோடு கூடவே அடுத்த தோட்டத்துக்குப் போகும். விதையோ, ஒரு காயிலேயே பல பத்து இருக்கும். ஒரு கொடியில் எத்தனை காய்! வட்டி விகிதத்தில் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, குறைந்த வட்டிக்காரனிடமே முதலைப் போட்டுவைக்கும் ஆளை நாம் என்ன சொல்வோம்?

பூட்டு ஒன்றல்ல

கண்வலி விதையை உடைத்துப் பார்த்தவருக்குத் தெரியும், அது சாமானியத்தில் உடையாது. புதிதாகக் காய் வெடித்ததும் விதையின் மேல் செம்மஞ்சள் நிறத்தில் சதைப்பற்றான தோல் இருக்கும். காய்ந்ததும் அது சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அதற்கு உள்ளே கெட்டியான பருப்பு. அந்தப் பருப்புக்குள்ளே கரு இருப்பதே தெரியாத அளவுக்குச் சிறிதாக இருக்கிறது. ஆக, முதல் பூட்டு தோலில். இரண்டாவது பூட்டு உள்ளே வளர்ந்து முடியாத கருவில். தோலை மட்டும் கீறிவிட்டுப் பச்சைப்பயறு போல மறுநாளே முளையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கருவுக்கு நாள் கொடுக்க வேண்டும்.

பறித்த விதை ஆறு முதல் ஒன்பது மாதம் வரை உறங்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்குப் பிறகு விதைத்தாலும் எல்லாம் ஒரே நாளில் எழாது. மூன்று வாரத்தில் ஒன்று வரும், மூன்று மாதத்தில் இன்னொன்று வரும். இந்தப் பொறுமை இல்லாததால்தான் "முளைக்காது" என்ற பேச்சு நிலைத்துவிட்டது. தையில் காய் பறித்து, மாசியில் பாத்தி போட்டு, சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றி அலுத்து, வைகாசியில் பாத்தியைக் கொத்திவிட்டவர் சொல்வதில் பொய் இல்லை. அவர் பார்த்தவரை முளைக்கவில்லை. விதை தூங்கிக்கொண்டிருந்தது.

மூலனூர்ப் பக்கம் நமக்குச் சரக்குக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இதைத் தற்செயலாகக் கண்டார். காய் உடைத்த குப்பையைக் கிணற்று மேட்டில், வேம்பு நிழலில் கொட்டுவது அவர் வழக்கம். "போன வருசத்துக் குப்பைங்க. நாம யாரும் தண்ணி கட்டலீங்க, தொடவே இல்லீங்க. ஐப்பசி மழைக்கு வந்து பார்த்தா புல்லு மாதிரி முளைச்சிருக்குதுங்க. களைன்னு புடுங்கப் போனேன், நுனியைப் பார்த்தேன், சுருண்டிருக்குது. அட, நம்ம கொடிங்க!" என்றார். இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பி போலப் பிடிக்கும் அடையாளத்தைப் பார்த்துக் கண்டுகொண்டிருக்கிறார். "ஏனுங்க, அப்ப இத்தனை வருசமா கிழங்குக்குக் கொடுத்த காசு?" என்று நம்மைக் கேட்டார். நமக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

குப்பை மேட்டில் நடந்ததை வரிசைப்படுத்திப் பார்த்தால் அதுவே பாதிப் பாடம். விதை மாதக்கணக்கில் கிடந்தது. மக்கும் குப்பையில் மேல்தோல் அழுகிக் கழன்றது. நிழல் இருந்தது. வெயில், ஈரம், வெயில், ஈரம் என்று மாறி மாறி வந்தது. பிறகு தொடர்ந்து மழை. விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் தனித்தனியாகச் செய்வதை அந்தக் குப்பை மேடு மொத்தமாகச் செய்திருக்கிறது.

அவர்கள் செய்வது என்ன என்றால், முதலில் மேல்தோலைத் தேய்த்துக் கழுவி எடுத்துவிடுவது. பிறகு சொரசொரப்பான மணலோடோ உப்புக் காகிதத்திலோ உரசி, கெட்டி ஓட்டைச் சற்றுத் தேய்ப்பது. பிறகு ஊற வைப்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைப்பவர்களும் உண்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஒரு நாளுக்கு மேல் வைப்பவர்களும் உண்டு. கந்தக அமிலத்தில் சில நிமிடம் போட்டு எடுப்பது ஆய்வுக்கூடத்து முறை. அதை நம் கிடங்கில் யாரும் முயல வேண்டாம், கையும் போகும் விதையும் போகும்.

ஜிப்பரெல்லிக் அமிலம் என்ற மருந்தைத் தண்ணீரில் கரைத்து ஊறவைப்பது மற்றொரு வழி. திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு இது பழக்கமான மருந்து, குலை நீளவும் காய் பெருக்கவும் தெளிப்பார்கள். இதன் கதை சுவையானது. ஜப்பானில் நெற்பயிர் திடீரென அளவுக்கு மீறி உயர்ந்து, வெளிறிச் சாய்ந்துவிடும் ஒரு நோய் உண்டு. 1926-ல் குரோசாவா என்பவர், அந்தப் பூஞ்சை கசியவிடும் ஏதோ ஒரு பொருள்தான் பயிரை அப்படி உயர்த்துகிறது என்று கண்டுபிடித்தார். அந்தப் பொருள்தான் இது. விதைக்குள்ளும் இது இயற்கையாகவே உண்டாகிறது; சேமித்து வைத்த மாவைக் கரைத்துக் கருவுக்குக் கொடு என்று உத்தரவு போடும் வேலை இதனுடையது. உத்தரவு வர நாளாகும் விதைக்கு, வெளியிலிருந்து உத்தரவு கொடுக்கிறோம். சந்தன விதையில் இது நாற்றங்கால்களில் நடைமுறையாகவே ஆகிவிட்டது. லிட்டருக்கு அரை கிராம் கரைத்து ஒரு ராத்திரி ஊறவைத்தால் இரண்டு மாத உறக்கம் கலைகிறது. கண்வலிக்கு அவ்வளவு சுலபமாக ஒரே அளவு, ஒரே ராத்திரி என்று சொல்ல முடியாது. விதை எந்த மாதத்தது, எவ்வளவு முற்றியது என்பதைப் பொறுத்தே பலன் இருக்கும்.

நம் கருத்து, விவசாயிக்கு அமிலமும் வேண்டாம், அவசரமும் வேண்டாம். தையில் எடுத்த நல்ல விதையை நிழலில் காயவைத்து, துணிப்பையில் காற்றாட வைத்திருந்து, ஆடி பிறந்ததும் மேல்தோலை மணலோடு தேய்த்துக் கழுவி, ஊறவைத்து, மணலும் மட்கிய எருவும் கலந்த மேட்டுப் பாத்தியில் நிழலில் போட்டால் போதும். தண்ணீர் தேங்கக் கூடாது, காயவும் கூடாது. மார்கழி வரை பாத்தியைக் கொத்தாமல் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் எல்லாவற்றிலும் சிரமம்.

முளைத்த பிறகும் பொறுமை வேண்டும் என்பதை மறைக்கக் கூடாது. விதையில் வந்த நாற்று முதல் வருடம் பட்டாணி போல ஒரு சின்னக் கிழங்கைத்தான் விடும். அது வருடா வருடம் பெருத்துப் பூக்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும். நட்ட வருடமே காய் பறிக்கும் கிழங்கோடு விதை போட்டி போட முடியாமல் போவதற்கு உறக்கம் பாதிக் காரணம், இந்தக் காத்திருப்பு மறு பாதி. சிறு விவசாயியால் நான்கு வருடம் முதலை முடக்க முடியாது. ஆனால் முதல் வருடத்து நாற்றுக் கிழங்குக்கு இடம் அதிகம் வேண்டாம், கம்பி வேண்டாம், கைமகரந்தம் வேண்டாம். ஒரு நாற்றங்காலில் நெருக்கமாக வளர்த்து, மூன்றாம் வருடம் நடவுக் கிழங்காக விற்கலாம். இது விவசாயியின் தொழில் அல்ல, நாற்றங்கால்காரரின் தொழில். விதையில் வந்த செடிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது, ஒன்றில் காய் அதிகம் இருக்கும், ஒன்றில் சத்து குறைவாக இருக்கும் என்பதும் உண்மை. அதிலிருந்து நல்லதைப் பொறுக்கலாம் என்பதும் உண்மை. கிழங்கிலேயே பெருக்கினால் பொறுக்க ஒன்றும் இருக்காது.

கிடங்கில் நாம் செய்வது

விதை முளைக்குமா என்பதைப் பாதி தீர்மானிப்பது தோட்டம். மீதியைத் தீர்மானிப்பது நம் களமும் கிடங்கும். மருந்துக் கம்பெனிக்கு விதையின் உயிர் தேவையில்லை, சத்து இருந்தால் போதும். ஆகவே நம் பழக்கமெல்லாம் அதற்கு ஏற்றபடி அமைந்துவிட்டது. விலை நன்றாக இருக்கிறது என்று காய் முற்றும் முன்பே பறிக்கச் சொல்கிறோம்; முற்றாத காயின் விதை, சரக்காகத் தேறினாலும் விதையாகத் தேறாது. ஈரம் இறங்க வேண்டும் என்று சித்திரை வெயிலில் சிமெண்டுக் களத்தில் பரப்புகிறோம், கரு வெந்துபோகும். இன்னும் சிலர் ஈரம் போகாமலேயே பிளாஸ்டிக் பையில் கட்டிப் பூசணம் பிடிக்கவிடுகிறார்கள். மூன்று ஊர் சரக்கை, இரண்டு வருடத்துச் சரக்கை, ஒன்றாகக் கலந்து ஒரே மூட்டையாக்குகிறோம். இப்படி வந்த மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துப் போட்டுப் பார்த்து முளைக்கவில்லை என்றால், அது உறக்கமா மரணமா என்று யார் சொல்வது?

இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. விதை அறிவியல் படித்தவர்கள் டெட்ரசோலியம் சோதனை என்பார்கள். ஊறவைத்த விதையை இரண்டாக வெட்டி, நிறமற்ற ஒரு கரைசலில் போடுவார்கள். உயிருள்ள இடம் சிவப்பாக மாறும், செத்த இடம் வெளுத்தே இருக்கும். விதைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், ஓரிரு நாளில் பதில் வந்துவிடும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் விதை அறிவியலுக்கென்றே துறை இருக்கிறது. மருந்துச் செடிகளுக்கும் தனித் துறை இருக்கிறது. நடவுக் கிழங்குக்கு இடைத்தரகு பார்க்கும் அங்கத்தினர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, தோட்டவாரியாகப் பிரித்த விதையோடு அங்கே போய்க் கேட்பது ஒன்றும் பெரிய செலவல்ல.

நாம் சொல்வது மொத்தச் சரக்கையும் மாற்றுங்கள் என்பதல்ல. நூறு கிலோ வந்தால் தொண்ணூற்றொன்பது வழக்கம் போல் போகட்டும். ஒரு கிலோவை, நோயில்லாத ஒரே தோட்டத்தில், கொடியிலேயே முற்றிய காயிலிருந்து, நிழலில் காயவைத்துத் தனியே எடுத்து வைக்கச் சொல்லி, அதற்குக் கூடுதல் விலை கொடுங்கள். பையில் ஊர், மாதம், வருடம் எழுதிச் சீட்டுப் போடுங்கள். அந்த ஒரு கிலோவை நாற்றங்கால் வைத்திருப்பவரிடம் கொடுத்து, மூன்று வருடம் கழித்துக் கிழங்காக எடுத்துக்கொள்வதாக இப்போதே பேசி முன்பணம் கொடுத்தால், அவர் இடத்தை ஒதுக்குவார். முன்பணம் இல்லாமல் ஒதுக்க மாட்டார், அதில் அவர்மேல் குற்றம் இல்லை. பருத்திக்கும் மஞ்சளுக்கும் முன்பணம் கொடுத்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. வருடம் மூன்று என்பதுதான் புதிது.

கிழங்கு வாங்கித் தரும்போது "எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும் பழக்கமும் வேண்டும். தோட்டக் கிழங்கா, காட்டுக் கிழங்கா என்பது பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். தோட்டத்துக் கிழங்கு ஓரளவு ஒரே பருமனில் இருக்கும். காட்டில் தோண்டியது சிறிதும் பெரிதுமாக, நுனி ஒடிந்து, வேறு வேர் கலந்து வரும். நுனி ஒடிந்ததை வாங்கினால் பணமும் நஷ்டம். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தோண்டியது என்றால் வனத்துறை வழக்கும் கூட வரும். இரண்டுக்கும் நடுவில் தரகுக்காரர் மாட்டிக்கொண்டு முழித்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

இந்தச் சரக்கைப் புதிதாகத் தொடும் மளிகைக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இடம் இருக்கிறதென்று கண்வலி விதை மூட்டையை மிளகு, மல்லி மூட்டையோடு அடுக்காதீர்கள். விதை மிளகு பருமன்தான் இருக்கும். சிந்தினால் பிரித்தெடுப்பது கஷ்டம். சர்க்கரைவள்ளி போன்ற கிழங்கு என்று நினைத்து இதன் கிழங்கைத் தின்று இறந்தவர்கள் நம் நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. வேகவைத்தாலும் விஷம் போகாது. தின்றவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் பேதியும் காலரா போலத் தொடங்கும். அதற்குள் வீட்டில் சரியாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது, சந்தேகம் வந்த உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், என்ன தின்றது என்றும் சொல்ல வேண்டும். தராசுத் தட்டு, முறம், சாக்கு, கையுறை எல்லாம் இதற்கென்று தனியாக இருக்கட்டும். விதைக்கென்று எடுத்து வைக்கும் அந்த ஒரு கிலோ துணிப்பையிலும் விஷம் என்று பெரிய எழுத்தில் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், சுவரை ஒட்டாமல், காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். தை மாதச் சரக்கு என்றால் ஆடி வரை அது அங்கேயே இருக்கட்டும்.